ஆளுமைச் சோதனைச் சேவை: என்னை அளந்தார்கள், கூட இருப்பவர்களை விட்டுவிட்டார்கள்

காசு கட்டி எடுக்கும் இணைய ஆளுமைச் சோதனை ஒன்றின் விமர்சனம் இது. பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே சொல்லப்போகும் பெரிய குறை அந்த ஒரு தளத்தோடு நிற்பதில்லை, இந்த வகையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி அறிக்கைக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். 'பிறர் பார்வையில்' என்று ஒரு கூடுதல் பகுதி இருக்கிறது, அதற்காக வாங்கலாம், ஆனால் அதையும் தளம் காட்டுகிற விதத்தில் படிக்கக் கூடாது. ஏன் என்பது நீளமான கதை.

இயங்கும் முறை எளிமையானது. திரையில் வரிசையாக வாக்கியங்கள் வரும், ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஐந்து வட்டங்களில் ஒன்றைத் தொட வேண்டும். 'புதிய மனிதர்களிடம் எளிதில் பேசுவேன்', 'என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதில்லை', 'மற்றவர்கள் வருத்தப்படுவதைப் பார்த்தால் எனக்கும் மனம் கனக்கிறது' என்கிற மாதிரி. முடித்ததும் சுருக்கமான முடிவு இலவசமாக வரும்: உங்கள் வகைக்கு ஒரு பெயர், நாலு வரி வர்ணனை. முழு அறிக்கைக்குக் காசு. அதில் பலம், பலவீனம், பொருத்தமான வேலை, உறவுகளில் நீங்கள் எப்படி என்று பல பக்கங்கள், இடையிடையே வண்ண வரைபடங்கள். இதற்கு மேல் மூன்று கூடுதல் வசதிகள் உண்டு. உங்களைத் தெரிந்தவர்கள் உங்களைப் பற்றி நிரப்பும் பகுதி, அலுவலகக் குழுக்களுக்கான பொதி, அப்புறம் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசும் அரட்டைக் குழு.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தளம் சுத்தமாக இருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கணக்கை அழிக்கும் வழியைத் தேட வேண்டியதில்லை. கேள்விகள் யாரையும் புண்படுத்துவதில்லை. அளவுகோல்களுக்கு அடித்தளமாக ஐந்து பெரும் குணக்கூறுகளை (புதியவற்றுக்குத் திறந்த மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை) வைத்திருக்கிறார்கள், உளவியலில் நிறைய ஆராயப்பட்ட சட்டகம் அது. அந்தக் கூறுகளில் மனிதர்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது என்று, ஒரே மாதிரி இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிடும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே 'எல்லாம் வளர்ப்பு, எல்லாம் சூழல்' என்று நான் வாதாட வரவில்லை. பிறக்கும்போதே ஒரு சுபாவம் கூட வருகிறது, அதை அளக்க முயல்வதில் தவறில்லை.

என் சிக்கல் அந்தக் கேள்விகளில் இல்லாத ஒன்றைப் பற்றியது.

'புதிய மனிதர்களிடம் எளிதில் பேசுவேன்.' சரி, யாரோடு இருக்கும்போது? பள்ளிக்கால நண்பன் பக்கத்தில் நின்றால் நான் யாரிடமும் பேசுவேன். அதே நான் அலுவலகக் கூட்டத்தில் என் முறை வரும்வரை வாயைத் திறப்பதில்லை. 'கருத்தை வெளிப்படையாகச் சொல்வேன்.' யாரிடம்? அக்காவிடமா, மேலாளரிடமா, நேற்று அறிமுகமானவரிடமா? சோதனை இதைக் கேட்கவே இல்லை. கேட்காததால் நாமே மனதுக்குள் ஒரு கூட்டத்தை நிறுத்திக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் நாம் எப்படி இருக்கிறோமோ அதை 'நான்' என்று நிரப்பிவிடுகிறோம். அன்றைக்கு எந்தக் கூட்டம் மனதில் நிற்கிறது என்பது அன்றைய பொழுதைப் பொறுத்தது. வேலை முடிந்த கையோடு நிரப்பியபோது வந்த வகை ஒன்று. பழைய நண்பர்களோடு ஊர் சுற்றிவிட்டு வந்து நிரப்பியபோது வந்தது வேறு. இரண்டு அறிக்கைகளும் நம்பிக்கையான குரலில், 'நீங்கள் இப்படிப்பட்டவர்' என்றே தொடங்கின.

இது புதிய கண்டுபிடிப்பு கிடையாது, அதுதான் எனக்கு ஆற்றாமை. ஒரு மனிதனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அத்தனை 'நான்'கள் அவனுக்குச் சமூகத்தில் உண்டு என்ற பொருளில் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். 1902-இல் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி இன்னும் ஒரு படி போனார். அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறோம், அவர் அதை எப்படி எடைபோடுவார் என்று கற்பனை செய்கிறோம், அதிலிருந்து பெருமையோ கூச்சமோ வருகிறது, அந்த உணர்வுதான் நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமாகப் படிகிறது என்றார். பிறர் முகத்தில் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம், அதுவும் அவர்கள் நிஜமாக நினைப்பதை இல்லை, நினைப்பதாக நாம் நினைப்பதை. 'என் கருத்தைச் சொல்லத் தயங்குவதில்லை' என்ற வாக்கியத்துக்கு வட்டத்தைத் தொடும்போது நான் எனக்குள் பார்த்து பதில் சொல்வதாக நம்புகிறேன். உண்மையில் பல வருடங்களாக யார் யாரோ 'இவன் அமைதியானவன்', 'இவன் வாயாடி' என்று சொன்னதைத்தான் புரட்டிப் பார்க்கிறேன்.

இப்போது அந்தப் 'பிறர் பார்வையில்' பகுதிக்கு வருகிறேன். இந்தச் சேவையில் ஏதாவது மதிப்பு இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது, ஆனால் தளத்தின் முகப்பில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. உங்களை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இணைப்பு அனுப்பலாம், அவர்கள் உங்களைப் பற்றி அதே வாக்கியங்களை நிரப்புவார்கள். நான் அக்காவுக்கும், கூட வேலை செய்யும் ஒருவருக்கும், பள்ளிக்கால நண்பன் ஒருவனுக்கும் அனுப்பினேன்.

மூன்று வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். அக்காவின் பதில்களில் பிடிவாதக்காரன், கோபம் சீக்கிரம் வருபவன், ஆனால் கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவன். சக ஊழியரின் பதில்களில் நிதானமானவர், ஒழுங்கானவர், கருத்துச் சொல்லத் தயங்குபவர். நண்பனின் பதில்களில் வேடிக்கைக்காரன், எதையும் திட்டமிடாதவன். சக ஊழியர் நிரப்பியதை அக்காவிடம் காட்டினேன். "யார்ரா இது? நீயா தயங்குற ஆளு? வீட்டுல ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுவியே" என்றாள். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "ஆபீஸ்ல உனக்கு என்னடா பயம்?" என்று கேட்டாள். பல பக்க அறிக்கை கேட்காத கேள்வியை அவள் ஒரே நிமிடத்தில் கேட்டுவிட்டாள், அதற்கான பதிலை நான் அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன்.

தளம் இந்த மூன்றையும் என்ன செய்தது தெரியுமா? கூட்டி மூன்றால் வகுத்தது. என் கோபம் நடுத்தரம், ஒழுங்கு நடுத்தரம், பேச்சு நடுத்தரம். வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் நடுவில் வந்து படுத்துக்கொண்டன. கீழே 'பிறர் உங்களைச் சமநிலையானவராகக் காண்கிறார்கள்' என்று ஒரு வாக்கியம். அப்படி என்னைக் காண்பவர் ஒருவர்கூட இல்லை! மூன்று பேருமே மூன்று முனைகளில் பார்த்திருக்கிறார்கள், அந்த முனைகளுக்கு இடையிலான தூரத்தில்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் இருந்தது. தளத்துக்கு அந்த வேறுபாடு அளவைப் பிழை. எனக்கு அதுதான் நான்.

இப்படிச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது, வெறும் ஆதங்கம் இல்லை. ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து வேறொரு சூழலில் அவர் எப்படி நடப்பார் என்று கணிப்பது எவ்வளவு பலவீனமானது என்று உளவியலாளர் வால்டர் மிஷல் 1968-இல் எடுத்துக்காட்டியபோது ஆளுமை உளவியலே ஆட்டம் கண்டது. அவரே பின்னாளில் யூச்சி ஷோடா, ஜாக் ரைட் ஆகியோரோடு சேர்ந்து, கோடைக்கால முகாம் ஒன்றில் குழந்தைகளை நுணுக்கமாகக் கவனித்து 1994-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மொத்தமாகக் கணக்கிட்டால் இரண்டு குழந்தைகளின் முரட்டுத்தனம் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் ஒரு குழந்தை பெரியவர்கள் கண்டிக்கும்போது சீறும், சக குழந்தைகள் கேலி செய்தால் பொருட்படுத்தாது. இன்னொன்றுக்கு அப்படியே தலைகீழ். இந்த 'இன்னார் இப்படிச் செய்தால் நான் இப்படி ஆவேன்' என்கிற அமைப்பு அந்தந்தக் குழந்தையிடம் திரும்பத் திரும்ப அதே மாதிரி வந்தது. அதாவது ஆளுக்கு ஆள் மாறுவது நிலையில்லாமை கிடையாது, எப்படி மாறுகிறோம் என்பதில்தான் நிலைத்தன்மை இருக்கிறது. சராசரி எடுத்தால் அந்த இரண்டு குழந்தைகளும் ஒரே குழந்தை ஆகிவிடுவார்கள். இந்தத் தளம் என்னிடம் செய்தது அதைத்தான். பல வருடங்களாகக் கையில் இருக்கிற அறிவு, அதைப் பயன்படுத்த ஒரு பக்கம் வடிவமைத்தால் போதும், செய்யவில்லை.

தனி அறிக்கையின் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. படிக்கப் படிக்க 'ஆமாம், ஆமாம், இது நானேதான்' என்று தோன்றும். 'உங்களிடம் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது' என்கிற வகை வாக்கியங்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் 'உனக்கான' முடிவு என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலிருந்த வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஆகவே அறிக்கை 'பொருந்துகிறது' என்று தோன்றுவதை அதன் தரத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். இந்தத் தளத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சொல்வது அந்த ஒரு காரணத்தைத்தான்.

அலுவலகப் பொதியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒரு குழுவில் எல்லாரும் நிரப்புகிறார்கள், எல்லாருடைய முடிவும் ஒரே பலகையில் பெயரோடு தெரிகிறது, குழுத் தலைவருக்கும் தெரிகிறது. முடிவு எல்லார் கண்ணிலும் படும் என்று தெரிந்த பிறகு யார் மனதில் இருப்பதை நிரப்புவார்கள்? உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகள் நினைவுக்கு வந்தன. மூன்று கோடுகளில் எது கொடுத்த கோட்டுக்குச் சமம் என்று சொன்னால் போதும். தனியாக இருந்தால் யாரும் தவறு செய்யாத அளவுக்குச் சுலபமான கேள்வி. சுற்றி உட்கார்ந்திருந்த, முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தவறான பதிலைச் சொன்னபோது, அப்படிப்பட்ட சுற்றுகளில் கிடைத்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது சேர்ந்தார்கள். பதிலைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் தனியாக எழுதலாம் என்றதும் அது வெகுவாகக் குறைந்தது. கண்ணுக்கு நேரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், 'நான் தலைமை தாங்க விரும்புகிறேன்' என்ற வாக்கியத்துக்கு மேலாளர் பார்க்கும் பலகையில் என்ன பதில் வரும்? எங்கள் குழுவில் எல்லாரும் 'ஒத்துழைப்பவர்' ஆனோம். தனித்தனியாக எழுதி, பெயர் இல்லாமல் காட்டியிருந்தால் ஒருவேளை உருப்படியான பேச்சு நடந்திருக்கும்.

அரட்டைக் குழு விஷயம் இதைவிடக் கவலை தருவது. சோதனை முடிந்த உடனே உங்கள் வகைக்கான குழுவில் சேரச் சொல்லி அழைப்பு வருகிறது. சேர்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் இதமாக இருக்கிறது, மறுக்க மாட்டேன், 'எனக்கும் இப்படித்தான்' என்று நாலு பேர் சொல்வது யாருக்குத்தான் பிடிக்காது? தனிமையில் இருப்பவர்களுக்கு அந்த ஆறுதல் பெரிது. ஆனால் கொஞ்ச நாளில் பேச்சு மாறுகிறது. 'நம்ம ஆட்களுக்கு போன் பேசவே பிடிக்காது', 'நம்ம ஆட்கள் மன்னிப்பாங்க, மறக்க மாட்டாங்க', 'அந்த வகைக்காரங்களோட நமக்கு ஒத்தே வராது'. போன் பேசுவதில் எந்த வெறுப்பும் இல்லாமல் வந்தவர்கள் போனை எடுக்காமல் விடுவதைப் பெருமையாக எழுத ஆரம்பிக்கிறார்கள். சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. 14, 15 வயதுப் பையன்களை, க்ளீ, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். தன் குழுவில் வேறு யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை, தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட எவ்வளவு அதிகம் என்கிற வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பலமுறை தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு பெயருக்கே இவ்வளவு சக்தி இருக்கும்போது, 'இதுதான் உன் உண்மையான சுபாவம்' என்ற உத்தரவாதத்தோடு ஒரு பெயரைக் கொடுத்து, அதே பெயருள்ள கூட்டத்துக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? சோதனை அதுவரை அளந்தது, அந்த இடத்திலிருந்து உருவாக்க ஆரம்பிக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகள் கையில் இது கிடைப்பதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. நான் யார் என்று தேடும் வயதில் ஒரு கூட்டம் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தால், தேடல் அங்கேயே நின்றுவிடும்.

'வாழ்நாள் முழுவதற்குமான வழிகாட்டி' என்று அறிக்கையின் அட்டையில் போட்டிருக்கிறார்கள். இதற்கு எதிராக எனக்குப் பிடித்த சான்று ஒன்று. 1930-களில் அமெரிக்காவின் பென்னிங்டன் பெண்கள் கல்லூரியில் சமூக உளவியலாளர் தியடோர் நியூகோம் நடத்திய ஆய்வு அது. வசதியான, பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள், முற்போக்கான ஆசிரியர்களும் மூத்த மாணவிகளும் நிறைந்த சிறிய கல்லூரிக்குள் வந்தார்கள். 1936 அதிபர் தேர்தலை ஒட்டிக் கேட்டபோது முதலாண்டு மாணவிகளில் சுமார் 60 சதவீதம் பேர் பழமைவாத வேட்பாளர் பக்கம் நின்றார்கள், பெற்றோரைப் போலவே. மூத்த மாணவிகளில் அது சுமார் 15 சதவீதம்தான். கால் நூற்றாண்டு கழித்து நியூகோம் அவர்களை மறுபடி தேடிப் போனார், பெரும்பாலோர் மாறிய இடத்திலேயே நின்றார்கள். ஏன் என்பதுதான் முக்கியம். கல்லூரியை விட்ட பிறகு அதே மாதிரி எண்ணமுள்ள கணவரையும் நண்பர்களையும் தேர்ந்துகொண்டவர்களிடம் அந்த மாற்றம் நின்று நிலைத்திருந்தது. வீடு ஒரு விதமாக வளர்த்தது, கல்லூரி வேறு விதமாக மாற்றியது, அதற்குப் பிறகு யாரோடு இருப்பது என்று அவர்களே எடுத்த முடிவு அதைக் காத்தது. 'உறவுகள்' பற்றி அறிக்கையில் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன, எல்லாமே 'உங்கள் வகைக்கு எந்த வகை பொருந்தும்' என்பதைப் பற்றி. எந்த மாதிரி மனிதர்களோடு இருந்தால் நீங்கள் யாராக ஆவீர்கள் என்று ஒரு பத்தி இல்லை. வேலை மாற்றலாமா, பழைய நட்பைப் புதுப்பிக்கலாமா என்று நிற்கிற ஒருவருக்கு உதவக்கூடியது அந்தப் பத்திதான்.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது, தாளும் பேனாவும் போதும். மான்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1954-இல் வெளியிட்டது. 'நான் யார்?' என்ற ஒரே கேள்விக்கு இருபது பதில்கள், நினைவுக்கு வருகிற வரிசையில், யோசித்துத் திருத்தாமல் எழுத வேண்டும். அவர்கள் கண்டது என்னவென்றால், மகள், மாணவன், இன்ன மதத்தவர் என்று ஒரு குழுவையோ உறவையோ சுட்டும் பதில்கள் முதலில் வருகின்றன, 'சோம்பேறி', 'மகிழ்ச்சியானவள்' போன்ற குணப் பெயர்கள் அவை தீர்ந்த பிறகுதான் வருகின்றன. எல்லாருக்கும் எப்போதும் இதே வரிசை வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆளுக்கும் சமூகத்துக்கும் ஏற்ப மாறும். என் தாளில் குழுக்கள் முதலில் வந்தன, ஆனால் நான் எதிர்பார்த்த வரிசையில் வரவில்லை. பல வருடங்களாக எட்டிப் பார்க்காத ஒரு நண்பர் கூட்டம் என் வேலைக்கு முன்னால் நின்றது. அதற்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை.

மதிப்பெண் கேட்பீர்கள். தளத்தின் வசதிக்கு 5-க்கு 4. தனி அறிக்கைக்கு 2. அலுவலகப் பொதிக்கும் அரட்டைக் குழுவுக்கும் 1 கொடுப்பதே அதிகம். 'பிறர் பார்வையில்' பகுதிக்கு, அவர்கள் சராசரிப் பக்கத்தை எடுத்துவிட்டால் 4 கொடுப்பேன், இப்போதைக்கு 3.

வாங்குவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தனி அறிக்கையை விட்டுவிட்டு அந்தக் கூடுதல் பகுதியை மட்டும் எடுக்க முடியும், கட்டணப் பக்கத்தில் 'தனித்தனியாகத் தேர்வு செய்க' என்பதைத் தொட வேண்டும். ஒரே வட்டத்து ஆட்களுக்கு அனுப்பாதீர்கள், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று நான்கு இடங்களிலிருந்து ஆள் பிடியுங்கள். அவர்களிடம் முன்பே அனுமதி கேளுங்கள், அவர்கள் பதிலை நீங்கள் பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், தளம் அதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. முடிவு வந்ததும் வரைபடத்தைத் தாண்டிக் கீழே போனால் 'மூலப் பதில்களைப் பதிவிறக்கு' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதில் ஒவ்வொருவர் பதிலும் தனித்தனி வரிசையாகக் கிடைக்கும். எந்த வாக்கியத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் அதிகமாக முரண்படுகிறார்களோ அதை எடுத்துக்கொண்டு அவர்களிடமே பேசுங்கள். கணக்கை மூடினால் அந்தக் கோப்பும் போய்விடும், அதனால் முதலிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.